பொலித்தீனில் சுற்றிய விண்ணப்பம்

கிண்ணியா
2025.05.18

சீனி,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உனக்குக் கடிதம் எழுதுறன் எண்டு தெரிஞ்சா உன்ட பள்ளிக்கூடமே சிரிக்கும். சிரிக்கட்டும். உன்ட போனுக்கு அடிச்சா ஒரு பொம்புள வந்து, இப்ப கதைக்க ஏலாது எண்டு மூண்டு பாசையில சொல்லுறாள். அவளோட எனக்கு அலுத்துப் போச்சு. ஆத்துக்கட்டுல ஏறி நிண்டாத்தான் அங்க சிக்னல் எண்டு நீ சொன்னது ஞாபகம் இருக்கு. நாள் முழுக்கப் படிப்பிச்சுப்போட்டு நீயும் எத்தனை தரம் ஏறுவாய்? அதனால எழுதுறன். அடுத்த வீட்டு ரிஷாத் மட்டக்களப்பு பஸ்ஸில கொண்டக்டர் தானே. வெருகல்ல நீ தங்கியிருக்கிற போடிங் வாசலிலேயே குடுத்துட்டுப் போறன் எண்டான். அஞ்சாம் வகுப்போட நிண்டவளின்ட எழுத்து. ஆன மட்டும் வாசி. சிவப்புப் பேனையால திருத்தி அனுப்பிப்போடாத.

உன்ட மச்சான் மௌத்தாகி, அவரை அடக்கி இண்டைக்கு இருபத்தெட்டு நாள். புருசனை இழந்தவள் வீட்டோட இருக்கிற இத்தா முடிய இன்னும் நூறு நாள் கிடக்கு. வாசல் தாண்ட ஏலாது, பிற ஆம்பிளையளோட முகம் பாத்துக் கதைக்க ஏலாது. ரிஷாத் கேற்றுக்கு வெளியால நிண்டு கத்துவான். அவன்ட பெண்சாதி அசனா உள்ளுக்கு வந்து அதையே திரும்பச் சொல்லுவாள். எல்லாச் செய்தியும் எனக்கு ரெண்டு தரம் கேக்குது. மற்றப்படி சுகம். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்டு கறுப்பு.

இப்ப சந்தோசமான விசயம் சொல்லுறன், கதிரையில இருந்து வாசி.

அவர்ட உடுப்பெல்லாத்தையும் ஆருக்கும் குடுப்பம் எண்டு போன கிழமை அலுமாரியைத் திறந்தன். எந்தச் சட்டைப் பைக்குள்ள கை விட்டாலும் மரத்தூள். தச்சு வேலை செய்த மனுசன், எத்தனை தரம் கழுவினாலும் போகாது. ஒவ்வொண்டா உதறி மடிச்சன். பிறகு பெருநாளுக்கு உடுக்கிற சாரத்துக்குக் கீழ ஒரு பொலித்தீன். உனக்குத் தெரியும், சுனாமிக்குப் பிறகு அவர் கடதாசி எண்டா பொலித்தீன்ல சுத்தாம வைக்கமாட்டார். அவிழ்த்துப் பாத்தா உன்ட எழுத்து. இடமாற்ற விண்ணப்பம். உங்கட அதிபர்ட கையெழுத்தும் இருக்கு. காரணம் எண்ட இடத்தில, கிண்ணியாவிலுள்ள சுகவீனமான சகோதரியைப் பராமரிக்க வேண்டும் எண்டு எழுதியிருக்கிறாய்.

சீனி, நான் அழுதுட்டன். நீ என்னைப் பாக்க வர விரும்பி எழுதிக் குடுத்திருக்கிறாய், இந்த மனுசன் வழமை போல மறந்து வச்சிட்டுப் போயிட்டார் எண்டு விளங்கிச்சு. திகதி மட்டும் போடாமக் கிடந்தது. புதன்கிழமை ரிஷாத்திட்டக் குடுத்தன். அவனே தன்ட பேனையால திகதியைப் போட்டு, மூதூர் வலயக் கல்விக் கந்தோரில குடுத்துட்டான். மௌத்தான சேதியையும் சொல்லியிருக்கிறான். கிளாக்கர் நல்ல மனுசனாம், உடன அனுப்புறன் எண்டாராம்.

உன்ட அறையைக் கழுவி விட்டிருக்கிறன். யன்னல் கொளுக்கி இறுகிப் போய்க் கிடந்தது, தேங்காயெண்ணெய் பூசினன். இப்ப திறக்குது.

உன்ட ராத்தா,
சனூஸா


வெருகல்
2025.05.23

ராத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கட கடிதத்தை இடைவேளையில வாசிச்சன். வாசிச்சு முடிய மணி அடிச்சது, நான் எழும்பேல்ல. பிள்ளைகள் வந்து, டீச்சருக்குக் காய்ச்சலா எண்டு கேட்டதுகள்.

அந்த விண்ணப்பம் இப்ப எழுதினது இல்ல. மூண்டு வருசத்துக்கு முதல் எழுதினது. பெற்றோலுக்கு ரெண்டு நாள் வரிசையில நிண்டோமே, அந்த வருசம். நீங்க குளியலறையில விழுந்து கால் முறிச்சுக்கொண்டு கிடந்தீங்க. பஸ் இல்ல, என்னால வீட்டுக்கு வர ஏலாது, இஞ்ச தெரிஞ்ச ஒரு முகம் இல்ல. மூண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில வச்சுக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினன். பாத்ரூமுக்குள்ள போய் அழுவன். அப்பதான் அதை எழுதி, எப்படியோ ஒரு லொறியில வீட்டுக்கு வந்த அண்டைக்கு மச்சான்ட கையில குடுத்தன். கந்தோரில குடுக்கிற அண்டைக்குத் திகதி போடுங்க எண்டும் சொன்னன்.

அவர் குடுத்திட்டார் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். திணைக்களம் என்னை ஒரு ஆளாவே எண்ணேல்ல எண்டு கோபம் கூட வந்தது. அது உங்கட அலுமாரிக்குள்ள கிடந்திருக்கு.

ராத்தா, எனக்கு இப்ப வர விருப்பமில்ல. ரிஷாத் காக்காவை நாளைக்கே அனுப்பி அதைத் திருப்பி எடுங்க. என்ட பேரில ஒரு கடதாசி போகுது, என்னை ஒரு சொல் கேக்கத் தோணேல்லையா உங்களுக்கு? நான் இன்னும் ஏழு வயசுப் பிள்ளை இல்ல.

போனில கதைச்சா நான் கத்திப்போடுவன். அதனால நானும் எழுதுறன்.

ஸல்ஹா


கிண்ணியா
2025.06.01

சீனி,

ரிஷாத் போனான். கடதாசி திருகோணமலைக்குப் போயிட்டாம். இனி மாகாணத்தில இருந்துதான் பதில் வரும் எண்டு அந்த நல்ல கிளாக்கர் சொன்னாராம். அசனா அதைச் சொல்லேக்க என்ட முகத்தைப் பாக்கேல்ல.

வர விருப்பமில்ல எண்டு நீ எழுதின வரியை நாலு தரம் வாசிச்சன். வாசிக்கத் தெரியாமப் போயிருந்தா நல்லம் எண்டு இருந்திச்சு.

உம்மா மௌத்தாகேக்க உனக்கு ஏழு வயசு. உனக்குப் பேன் பாத்தது நான், உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். கலியாணம் பேசி வந்தவங்களிட்ட, என்ட தங்கச்சியும் என்னோடதான் வருவாள் எண்டு நான் சொல்ல, ஓம் எண்டு சொன்ன ஒரே மாப்பிள்ளை அவர்தான். எனக்குப் பிள்ளை இல்ல எண்டு ஊர் கதைச்ச நேரம், எனக்கு இருக்கே எண்டு உன்னைத்தான் காட்டினன். இதைச் சொல்லி உன்னை அமத்த எழுதேல்ல. ஆனா எழுதாமலும் இருக்க ஏலாமக் கிடக்கு.

கேக்காமக் குடுத்தது பிழை. சரி. என்னோட இருக்க விருப்பமில்ல எண்டு நீ எழுதினது?

பெருநாளுக்கு வருவாய் தானே. வட்டிலப்பம் செய்யுறன்.

ராத்தா


வெருகல்
2025.06.20

ராத்தா,

பெருநாளுக்கு வந்து ரெண்டு பேரும் ஒரே சகன் தட்டில சாப்பிட்டம், ஆட்டுக்குட்டிக்குப் பேர் வச்சம், இந்த விசயத்தை மட்டும் கதைக்கேல்ல. பஸ் ஏறினாப் பிறகு எனக்கு என்னிலேயே வெக்கம்.

திங்கட்கிழமை இடமாற்றக் கடிதம் வந்தது. ஜூலை இருபத்தெட்டாம் திகதியில இருந்து கிண்ணியாவில கடமையேற்கட்டாம். எங்கட வீட்டில இருந்து நடந்து போற தூரம். மூண்டு வருசத்துக்கு முதல் இந்தக் கடிதம் வந்திருந்தா மண்ணில விழுந்து ஸுஜூது செய்திருப்பன்.

உங்களோட இருக்க விருப்பமில்ல எண்டு நான் எழுதேல்ல ராத்தா. இஞ்ச இருந்து போக விருப்பமில்ல. ரெண்டும் ஒண்டு மாதிரித் தெரியும், ஆனா இல்ல. விளக்கிச் சொல்லுறன், பொறுமையா வாசிங்க.

இந்தப் பள்ளிக்கூடத்தில அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நாப்பத்தியொரு பிள்ளைகள். அதிபர் சிவாஜினி அக்கா, ஒரு தொண்டர் ஆசிரியை, நான். மூண்டு, நாலு, அஞ்சாம் வகுப்பு எனக்கு. அம்பது பிள்ளைகளுக்குக் குறைஞ்ச பள்ளிக்கூடங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களோட சேர்க்கலாமா எண்டு மாகாணத்தில பட்டியல் எடுக்கிறாங்க. சித்திரையில ரெண்டு பேர் வந்து பிள்ளைகளை எண்ணிக்கொண்டு போனாங்க. கல்வி மறுசீரமைப்பு எண்டு புதுசு புதுசாப் பயிற்சிக்குக் கூப்பிடுறாங்க, நான் போற நாளில என்ட மூண்டு வகுப்பும் சும்மா இருக்கும்.

என்ட இடமாற்றத்தில பதிலாள் இல்ல. நான் போனா வேற ஆசிரியர் வரமாட்டாங்க. இப்படித்தான் ரெண்டு வருசத்துக்கு முதல் இன்ஷாப் சேர் போனார், அந்தக் கதிரை இன்னும் சும்மா கிடக்கு. படிப்பிக்க ஆளில்லாட்டி சனம் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்தும். அது ஒம்பது கிலோமீற்றர், இடையில யானை வாற காடு. வசதி இருக்கிறவங்க மோட்டர்சைக்கிள்ல ஏத்துவாங்க, மற்றப் பிள்ளைகள் வீட்டில நிக்கும். அடுத்த தரம் எண்ண வந்தா இருபது பேர்தான் இருப்பாங்க. பிறகு பூட்டு.

நான் பெரிய ஆள் எண்டு சொல்லேல்ல. இந்த இடத்தில நான் ஒரு ஆணி. புடுங்கினாப் பலகை விழும். மச்சானுக்கு விளங்கியிருக்கும்.

மேன்முறையீடு எழுதிக்கொண்டு திருகோணமலைக்குப் போனன். அங்க மாகாணக் கல்விக் கந்தோரில ஒரு அம்மா இருந்தா, பொறுமையாக் கேட்டா. "நீங்க சுகமில்லாத சகோதரியைப் பாக்கோணும் எண்டு கேட்டீங்க, நாங்க மனமிரங்கித் தந்தம். இப்ப வேண்டாம் எண்டா எப்படி? அப்படி ஒரு தேவை இல்லையெண்டு உங்கட சகோதரியே எழுதித் தரட்டும்" எண்டா.

அதுதான் கேக்கிறன் ராத்தா. ஒரு கடதாசி. உங்கட கையெழுத்து.

ஸல்ஹா


கிண்ணியா
2025.06.26

சீனி,

ஏலாது.

நீ எழுதினது எல்லாம் விளங்குது. யானை விளங்குது, பலகை விளங்குது. ஆனா எனக்கு நீ தேவையில்ல எண்டு என்ட கையால எழுதச் சொல்லுறாய். பொய்யை எப்படி எழுதுறது? அதுவும் இத்தாவில இருந்துகொண்டு?

காலையில எழும்பி ரெண்டு கோப்பை எடுத்து வைக்கிறன். பிறகு ஒண்டைத் திருப்பி வைக்கிறன். இதை ஆருக்கு விண்ணப்பிக்கிறது?

கறுப்புக் குட்டி சுகம். நீ வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குது.

ராத்தா


கிண்ணியா
2025.07.09

சீனி,

இண்டைக்கு ஒரு ஆள் வந்து போச்சு. நீ அனுப்பினியோ எண்டு நினைச்சன். பிறகு பாத்தா உனக்கே தெரியாதாம்.

பத்து மணி போல கேற்றடியில ரிஷாத்தின்ட குரல். "ராத்தா, வெருகல்ல இருந்து ஒரு அக்கா! பூசணிக்காய்க்கும் டிக்கட் எடுக்கச் சொன்னன், எடுக்க மாட்டாவாம்!" உடன அசனா உள்ளுக்கு வந்து, வெருகல்ல இருந்து ஒரு அக்கா எண்டு தொடங்கினாள். கேட்டதடி, ஆளைக் கூட்டிக்கொண்டு வா எண்டன்.

கமலாதேவியாம் பேர். ரெண்டு பிள்ளை உன்னட்டப் படிக்குதாம். ஒரு கையில தயிர்ச்சட்டி, மற்றக் கையில பூசணி, தலை எல்லாம் ரோட்டுப் புழுதி. வாசல்ல நிண்டு, "அக்கா, உங்கட முறையில நான் உள்ளுக்கு வரலாமோ தெரியாது, வரக்கூடாதெண்டா இப்படியே நிண்டு கதைச்சிட்டுப் போறன்" எண்டா. பொம்புளையளுக்கு ஒரு தடையும் இல்ல, வாங்க எண்டன். குசினி அடுப்படியிலேயே பலகையைப் போட்டு இருந்துட்டா. பிளேன்ரீ ஊத்திக் குடுத்தன். சீனி நாலு கரண்டி போட்டா. எனக்கு அந்த மனுசியைப் பிடிச்சுப் போச்சு.

துக்கம் கேக்கத்தான் வந்தவவாம். "செத்த வீட்டுக்கு வரேல்ல, எங்களுக்குத் தெரியாது. டீச்சரும் சொல்லேல்ல. போன கிழமைதான் தெரிய வந்தது. அந்த அண்ணன் எங்கட பள்ளிக்கூடத்தில பிள்ளைகள் குந்தியிருக்கிற வாங்கு திருத்தித் தந்தவர். வராம விட்டா மனம் கேக்காது" எண்டா.

அவர் உன்ட பள்ளிக்கூடத்துக்கு ஒரு தரம் போய் வந்தது எனக்குத் தெரியும். சும்மா பாத்துட்டு வந்தன் எண்டுதான் என்னட்டச் சொன்னவர். பதினொரு வாங்கு திருத்தினது தெரியாது. கால் ஆடின வாங்கு எல்லாத்தையும் வெளியில எடுத்துப் போட்டு, கொண்டுபோன பலகையால அடிச்சு, மத்தியானம் இவ குடுத்த இளநியைக் குடிச்சுப்போட்டு, பிறகு கடைசி வாங்கு பாரம் தாங்குமோ எண்டு பாக்க உன்ட வகுப்புக்குள்ள வந்து இருந்தவராம். சனிக்கிழமை விசேட வகுப்பாம். இருந்த மனுசன் எழும்பவே இல்லையாம். நீ ஏதோ கணக்குக் கேக்க, பிள்ளைகளோட சேர்ந்து அவரும் கையை உயர்த்தினவராம்.

"விடை சொன்னவரா?" எண்டு கேட்டன்.

"சொன்னவர் அக்கா. பிழை."

சீனி, நான் சிரிச்சன். எண்பது நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரிச்சன். அசனா ஓடி வந்து பாத்தாள், எனக்கு என்னவோ ஆகிட்டு எண்டு. கமலாதேவியும் சிரிச்சு, பிறகு ரெண்டு பேரும் அழுது, பிறகு தயிர் சாப்பிட்டம். தாலி கட்டின மனுசன் கடலுக்குப் போய் வராம ஏழு வருசமாம் அவவுக்கு. அதையும் பிளேன்ரீக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேக்கிற மாதிரித்தான் சொன்னா.

நீ போறதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கேல்ல. கேப்பா, கேப்பா எண்டு நான் பாத்துக்கொண்டே இருந்தன். கேக்கேல்ல. கடைசியில நானே வாய் திறந்து, டீச்சர் வீட்டுக்கு வரப்போறா தெரியுமா எண்டன். "தெரியும் அக்கா. உங்களுக்கும் ஆள் வேணும் தானே. நாங்க பாத்துக்கொள்ளுவம்" எண்டா. அதைச் சொல்லேக்க பூசணிக்காயைத் தடவிக்கொண்டிருந்தா. என்னைப் பாக்கேல்ல.

எழும்பிப் போகேக்கதான் இன்னொண்டு சொன்னா. அண்டைக்குச் சாமானைக் கட்டேக்க அவர் இவவிட்ட, இந்த டீச்சர் போனா வேற ஆரும் வருவாங்களா எண்டு கேட்டவராம். ஒருத்தரும் வரமாட்டாங்க எண்டு இவ சொல்ல, "ம்" எண்டாராம். அவர்ட "ம்" உனக்குத் தெரியும். அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது.

அவ போனாப் பிறகு கடதாசி எடுத்தன். மூண்டு தரம் கிழிச்சு நாலாந்தரம் எழுதினது இது. உனக்கும் ஒரு பிரதி எழுதியிருக்கிறன். அசல் ரிஷாத்திட்ட.

"மாகாணக் கல்விப் பணிப்பாளர் ஐயாவுக்கு / அம்மாவுக்கு. நான் ஸல்ஹா டீச்சரின் மூத்த சகோதரி சனூஸா. எனக்குக் கால் முறிந்தது மூன்று வருசத்துக்கு முதல். இப்ப சுகம், ஓடவும் ஏலும். அந்த விண்ணப்பம் பழையது. திகதி போடாமல் கிடந்ததை நான் தான் அவளைக் கேட்காமல் அனுப்பினேன். அவள் பொய் சொல்லவில்லை, நான் அவசரப்பட்டேன். என் கணவர் மௌத்தாகி விட்டார், நான் தனியாக இருப்பது உண்மை. என் தங்கச்சி எனக்குத் தேவையில்லை என்று எழுதச் சொன்னார்கள். அப்படி எழுத மாட்டேன், தேவை. ஆனால் எனக்கு அடுத்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், பஸ் இருக்கிறது, அவள் லீவுக்கு வருவாள். அந்த நாற்பத்தியொரு பிள்ளைகளுக்கு வேற டீச்சர் இல்லை என்று சொல்கிறார்கள். நீங்கள் வேற டீச்சர் அனுப்பினால் அவளைத் தாருங்கள், சந்தோசமாக எடுப்பேன். அதுவரைக்கும் அங்கேயே விடுங்கள். இந்த விசயத்தில் பிழை என்னுடையது. ஆ. சனூஸா."

சரியா? பிழை இருந்தாலும் போயிட்டு.

ராத்தா


வெருகல்
2025.07.25

என்ட ராத்தா,

சிவப்புப் பேனை எடுக்கேல்ல. ஒரு புள்ளி கூட மாத்தேல்ல. சிவாஜினி அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன். "ஓடவும் ஏலும்" எண்ட இடத்தில அவ மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா.

திருகோணமலையில அந்த அம்மா உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சாவாம். என்னைக் கூப்பிட்டு, "உங்கட ராத்தா எங்க படிச்சவ?" எண்டு கேட்டா. அஞ்சாம் வகுப்பு எண்டன். "ஐயா, அம்மா எண்டு ரெண்டையும் போட்டிருக்கிறாவே, இதை இஞ்ச ஒருத்தரும் யோசிக்கிறேல்ல" எண்டு சிரிச்சா.

இடமாற்றத்தை ரத்துச் செய்திட்டாங்க. பதிலாள் வாற வரைக்கும் இஞ்சதான். பள்ளிக்கூடத்தைச் சேர்க்கிற கதை இந்த வருசம் இல்லையாம். வாற வருசம் திரும்ப எண்ணுவாங்க. அதுக்கிடையில கமலாதேவி அக்கா வீடு வீடாப் போய், படிப்பை விட்ட பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாறா. ரெண்டு கிழமையில நாலு பேர். இப்ப நாப்பத்தியஞ்சு. அவ பூசணிக்காய்க்கு டிக்கட் எடுக்காத மாதிரித்தான், ஆரையும் இல்லையெண்டு சொல்ல விடமாட்டா.

மச்சான் வந்த அந்தச் சனிக்கிழமை. அதைத்தான் நான் இவ்வளவு நாளும் திருப்பித் திருப்பி யோசிக்கிறன். பெற்றோல் கோட்டா இருந்த நேரம். அந்தக் கிழமைப் பெற்றோல் முழுவதையும் எரிச்சுத்தான் மோட்டர்சைக்கிள்ல வந்தார். மூதூர் கந்தோரைத் தாண்டித்தான் வந்திருக்கோணும். "மச்சான், கடதாசி குடுத்தீங்களா?" எண்டு கேட்டன். "அந்த அலுவல் நடக்கும், நீ பிள்ளைகளைப் பார்" எண்டார். குடுத்திட்டார் எண்டு எடுத்துக்கொண்டன். அவர் குடுத்தன் எண்டு சொல்லேல்ல, இப்பதான் கவனிக்கிறன். ஆனா சனிக்கிழமை கந்தோரும் பூட்டு தானே.

வெளிக்கிடேக்க ஒண்டு சொன்னவர். "வீட்டில உன்ட குரல் கேக்கிறதே இல்ல சீனி, இஞ்ச நல்லாக் கேக்குது."

அண்டைக்கு அவரில கோபம். ஊருக்கு வர வழி பாக்கச் சொன்னா, குரலைப் பத்திக் கதைக்கிறார் எண்டு. திங்கட்கிழமை வகுப்புக்குள்ள போன பிறகு, என்ட குரலை நானே ஒருக்காக் கேட்டுப் பாத்தன். அதுக்குப் பிறகு பாத்ரூமில அழுததா ஞாபகம் இல்ல.

புலமைப்பரிசில் பரீட்சை முடிய லீவுக்கு வாறன். உங்களைக் கேக்காம உங்களில கோபப்பட்டதுக்கு என்னை மன்னிக்கோணும். வட்டிலப்பம் வேணாம், மாங்காய்ச் சம்பல் போதும்.

உங்கட சீனி


கிண்ணியா
2025.08.27

சீனி,

நீ லீவுக்கு வந்து ஒம்பது நாள் நிண்டுட்டுப் போனாப் பிறகு வீடு நல்ல சத்தமாக் கிடக்கு. நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற பாட்டை அசனாவின்ட மகள் பிடிச்சிட்டாள், விடிஞ்சாப் பொழுதுபட்டா அதுதான். முந்தி மூலையில எல்லாம் ஒரு அமைதி இருந்திச்சே, அதுக்கு இப்ப இடமில்ல.

நேத்து இத்தா முடிஞ்சது. காலையில குளிச்சு, ஓதி, இத்தாவில உடுக்காம வச்சிருந்த நீலச் சாரியை உடுத்தன். அசனா பாத்துட்டுப் போய், தன்ட வளையல் ரெண்டைக் கொண்டு வந்து என்ட கையில போட்டுட்டாள். அவரை அடக்கின கபுறடியைத் தெருவில நிண்டு பாத்து ஸலாம் சொன்னன். பிறகு பாலத்துக்குப் போனன். நடுப்பாலத்தில நிண்டு ரெண்டு பக்கமும் தண்ணியைப் பாத்தன். காத்து முக்காட்டைப் பிடுங்கிக்கொண்டு போகப் பாத்தது. நாலு மாசம் பத்து நாளைக்குப் பிறகு கடல் இவ்வளவு பெரிசா எண்டு இருந்திச்சு. மீன்காரன் ஒருத்தன், "என்ன ராத்தா, கடலை வாங்கவா பாக்கிறீங்க?" எண்டான். விலை சொல்லு எண்டன்.

துக்கம் போகேல்ல. அது இருக்கு. ஆனா இப்ப அது என்னோட வெளியில வருது, வீட்டுக்குள்ளேயே நிண்டு என்னைப் பாக்கிறேல்ல. காலையில ஒரு கோப்பைதான் எடுக்கிறன். கை தானாப் போய் ஒண்டை எடுக்குது. அதுக்காகவும் கொஞ்சம் அழுதன், அல்ஹம்துலில்லாஹ்.

வாற வெள்ளி ஜும்மா முடிய ரிஷாத்தின்ட பஸ்ஸில வெளிக்கிடுறன். அங்க ஒரு கிழமை நிப்பன். கமலாதேவிக்கு இனிப்பாத் தொதல் கிண்டி வச்சிருக்கிறன். பள்ளிக்கூடத்தில கடைசி வாங்கில நான் இருப்பன், அவர் இருந்த வாங்கில. பாரம் தாங்குமா பாப்பம். என்னட்டக் கணக்குக் கேட்டுப்போடாத, எங்கட வீட்டில ஒரு ஆள் பிழையாச் சொன்னது போதும்.

இப்ப கடைசி விசயம். நீ போன பிறகு அவர் சுத்தி வச்ச எல்லாப் பொலித்தீனையும் அவிழ்த்துப் பாத்தன். விண்ணப்பத்தைப் பத்தி ஏதாவது எழுதி வச்சிருப்பாரோ எண்ட ஆசையில. ஒண்டுமில்ல. ஒண்டுக்குள்ள வீட்டு உறுதிப் பத்திரம். ஒண்டுக்குள்ள உன்ட ஓ.எல். பெறுபேறு. சரி, முக்கியமானதைத்தான் சுத்தி வச்சிருக்கிறார், அப்ப உன்ட விண்ணப்பத்தையும் தெரிஞ்சுதான் வச்சிருக்கிறார் எண்டு நினைச்சன். அடுத்த பொலித்தீனுக்குள்ள நாங்க எப்பவோ எறிஞ்ச மின்விசிறியின்ட உத்தரவாத அட்டை. அதுக்கடுத்ததுக்குள்ள ஆறு வருசத்துக்கு முந்தின கரண்ட் பில். அதையும் அதே இறுக்கமாத்தான் சுத்தி, அதே முடிச்சுத்தான் போட்டிருக்கிறார்.

கேற்றடியில இதைச் சொன்னன். முத்தலிப் காக்கா தன்ட பேரையே மறக்கிற ஆள், அது மறதிதான் எண்டு உன்ட மச்சானைப் பத்தி ரிஷாத் சொல்லுறான். அசனா அவனோட சண்டைக்குப் போயிட்டாள். பெற்றோல் எரிச்சுக்கொண்டு அவ்வளவு தூரம் போன மனுசனுக்குக் கடதாசி மட்டும் மறந்திருக்குமா எண்டு கேக்கிறாள். ரெண்டு பேரும் இண்டைக்கும் கதைக்கிறேல்ல.

நான் அவரோட இருபத்திரெண்டு வருசம் ஒரு கூரைக்குக் கீழ இருந்தவள். எனக்கே தெரியேல்ல. நீ டீச்சர், அவர் சீனி எண்டு கூப்பிட்ட பிள்ளை, அண்டைக்கு அவர்ட முகத்தைப் பக்கத்தில நிண்டு பாத்தவள். நீ சொல்லு, மறந்தா வச்சார், தெரிஞ்சா வச்சார்?